டிக்கெட் வாங்கி வந்த அம்மா

ஜூன் 4

இன்று அருங்காட்சியகத்தில் இரண்டு பேருந்துக் கூட்டம். கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் அங்கியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த ஒருத்தி, "ஜப்பானோட பழங்குடின்னு சொல்றாங்களே, நீங்க நிஜமான ஐனுவா?" என்றாள். "தொட்டுப் பாருங்க, அதுக்குத் தனிக் கட்டணம்" என்றேன். பாவி, நிஜமாகவே தொட்டாள்.

பிற்பகல் தையல் வகுப்பு. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத கும்பலுக்கு எங்கள் அங்கியில் தைக்கும் முள் வடிவம் சொல்லித் தந்து வாய் வலிக்கிறது.

ஜூன் 9

சயோரி போன் செய்தாள். என் தங்கை போன் செய்தால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம். சப்போரோவில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. எங்களுக்கு இன்றுதான் தெரியும். வருங்கால மாமியார் ஹிகுச்சி அம்மாளுக்குக் கைவேலை என்றால் உயிராம். பதினெட்டாம் தேதி மருமகளைக் கூட்டிக்கொண்டு, வேறெங்கும் இல்லை, நான் வேலை பார்க்கும் அருங்காட்சியகத்துக்கே வருகிறாளாம்.

"அக்கா, அன்னைக்கு நீ லீவு போட்டுடேன்."

"உன் மாமியார் வர்றதுக்கு நான் ஏண்டி லீவு போடணும்?"

"அப்போ என்னைத் தெரியாத மாதிரி இருந்துடு. நாம ஐனுன்னு அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா எல்லாம் போச்சு."

"நீ வேணா தப்பிச்சுக்கோ. என் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு."

அழுதாள். அவளுக்கு அழுகை எப்போதும் கைவசம் இருக்கும். சரி, தெரியாதவளாகவே இருக்கிறேன், ஆனால் வீடு நடக்கிற தூரம்தான், ஏதாவது சாக்குச் சொல்லி அம்மாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போ என்றேன். நேரம் இருக்காது என்றாள். ஏழு வருஷமாக அவளுக்கு நேரமில்லை.

ஜூன் 10

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? வலிக்கட்டும் என்றுதான். யாருக்கு என்று கேட்டால் தெரியவில்லை.

அம்மா மீனைச் சுத்தம் செய்துகொண்டே கேட்டாள். கடைசியில், "நான் டிக்கெட் வாங்கிட்டு உள்ள வந்தா யாரு தடுப்பா?" என்றாள்.

"அவ உன்கிட்டப் பேச மாட்டாம்மா."

"பேச வேணாம். பாத்துட்டு வந்துடறேன்."

பெத்த மனம் பித்து என்பது சரிதான். மீதிப் பழமொழியும் சரிதான்.

ஜூன் 17

மழை. அம்மா முடி வெட்டிக்கொண்டு வந்தாள்.

ஜூன் 18

எழுதினால்தான் தூக்கம் வரும்.

வாயில் வைத்து நூலை இழுத்து வாசிக்கும் எங்கள் மூங்கில் மோர்சிங் செய்யும் வகுப்பு. ஒரே மேஜை. ஒரு பக்கம் ஹிகுச்சி அம்மாளும் சயோரியும், எதிரே என் அம்மா. அம்மாவைக் கண்டதும் சயோரி கத்தியைத் தலைகீழாய்ப் பிடித்தாள். நான் வாத்தியாரம்மா குரலில், "எல்லாரும் கத்தியை ஜாக்கிரதையாப் பிடிங்க" என்றேன்.

ஹிகுச்சி அம்மாள் கெட்டவள் இல்லை. அதுதான் எரிச்சல். கடையில் வாங்கிய தலைப்பட்டியைக் கட்டிக்கொண்டு, பார்ப்பதற்கெல்லாம் "எவ்வளவு அழகு!" என்கிறாள். என் அம்மா மோர்சிங் வாசித்தால் திருவிழாவில் கூட்டம் வாயை மூடும். அந்த அம்மா இன்று நூலை இழுக்கத் தெரியாதவளாய் விழித்தாள். ஹிகுச்சி அம்மாள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தாள். "சயோரி, நீயும் பெரியம்மாவுக்கு உதவி பண்ணேன்."

"இப்படிப் பிடிங்க, பெரியம்மா" என்றாள் சயோரி. கையைத் தொடவில்லை.

"பாவம், இந்தப் பொண்ணு சின்ன வயசுலயே அம்மாவைப் பறிகொடுத்தவ" என்றாள் ஹிகுச்சி அம்மாள். "இனிமே நான்தான் இவளுக்கு அம்மா."

எங்கள் அம்மா நிமிர்ந்து சயோரியைப் பார்த்தாள். "ஐயோ. எதனால போனாங்க?"

"நெஞ்சு வலி."

"ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?"

"இல்ல. தூக்கத்துலயே."

"குடுத்து வெச்சவங்க" என்றாள் அம்மா.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "அம்மா முகமாவது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டேன். சயோரி என்னை நேராகப் பார்த்து, "இல்லைங்க" என்றாள். என்ன நெஞ்சழுத்தம்டீ உனக்கு!

வீட்டுக்கு வந்ததும் அம்மா இரண்டு கிண்ணம் சால்மன் சூப் குடித்தாள். "அந்த ஹிகுச்சி நல்ல மனுஷி. இவளைப் பட்டினி போட மாட்டா" என்றாள். பிறகு, "வயசானவங்களுக்கு டிக்கெட்ல சலுகை உண்டுன்னு நீ ஏண்டி சொல்லல?" என்று என்மேல் பாய்ந்தாள்.

ஜூன் 20

சயோரி போன். "அம்மாவை ஏன் வரவிட்ட? எனக்கு உசுரே போயிடுச்சு. இனிமே இப்படியெல்லாம் வரக்கூடாதுன்னு சொல்லிடு."

"நீயே சொல்லு, தரேன்" என்று அம்மாவிடம் நீட்டினேன். அதற்குள் சயோரி வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 30

சயோரிக்கு இன்று கல்யாணம். வாடகைக்குச் சொந்தக்காரர்களை அனுப்பும் கம்பெனியிலிருந்து ஒரு சித்தப்பாவும் சித்தியும் பெண் வீட்டார் வரிசையில் உட்கார்ந்தார்களாம். அவளோடு வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப்பெண் சொன்னாள். அந்தச் சித்தி நன்றாக அழுதாளாம்.

அம்மா தோட்டத்தில் உருளைக்கிழங்கு தோண்டினாள்.

செப்டம்பர் 14

ஏரிக்கரையில் முன்னோர் படையல். ஆண்கள் அடுப்புத் தீயின் முன் வேண்டி முடித்தபின் பெண்கள் வெளியே வந்தோம். சுருள்சுருளாய்ச் சீவிப் படையலுக்கு நட்ட வில்லோ மரக் குச்சிகளின் முன்னால் உட்கார்ந்து, இது யாருக்கு என்று பெயர் சொல்லித் தினை உருண்டையைப் பிய்த்துப் போட வேண்டும். செத்தவர்களில் பெயர் சொல்லப்படாதவர்களுக்கு மறு உலகத்தில் ஒன்றும் போய்ச் சேராது.

அம்மா அப்பா பெயரைச் சொன்னாள். தன் தாய் பெயரைச் சொன்னாள். சின்னப் பிள்ளையிலேயே செத்துப்போன என் அண்ணன் பெயரைச் சொன்னாள். இன்னொரு உருண்டையை எடுத்துப் பிய்த்து, "சயோரி" என்றாள்.

அவள் கையைப் பிடித்தேன். "அம்மா! அவ உசுரோட இருக்காம்மா!"

"தெரியும். நான்தான் தூக்கத்துலயே போயிட்டேனே, செத்துப்போனவளுக்கு உசுரோட பொண்ணு எப்படிடி இருக்கும்?" குரலில் கோபமே இல்லை. "நாளைக்கு அவ போனப்புறம் அவளுக்குன்னு ஒரு வாய் போட அந்த வீட்டுல யாருக்கு இதெல்லாம் தெரியும்? இப்பவே போட்டுடறேன்."

கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள். "நீயும் போடு. கூடப் பிறந்தவ."

வேண்டாம் என்று எழுந்து போயிருக்கலாம். சயோரி போனில் அழுததை, வராத ஏழு வருஷத்தை, "இல்லைங்க" என்றதை எல்லாம் நினைத்தேன். உருண்டையை எடுத்தேன். அவள் பெயரைச் சத்தமாகவே சொன்னேன்.