படிக்கப் போன பிள்ளை

பெண்கள் விடுதி,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.
11.02.2024

அன்பின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். நீங்களும் உம்மாவும் தம்பி றியாஸும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று எப்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

போனில் கதைத்தால் "சாப்பிட்டியா, தடிமன் காய்ச்சல் மாறிட்டுதா" என்பதோடு முடிந்துவிடுகிறது, கம்பஸைப் பற்றி ஆறுதலாக எழுது என்றீர்கள். நூலகத்திலிருந்தே தொடங்குகிறேன். தமிழ் நாவல்கள் இருக்கும் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு யன்னல் உண்டு. நேற்று அங்கே ஒரு புத்தகத்தை எடுத்து, முதற்பக்கத்தை மட்டும் பார்ப்போம் என்று நின்றபடியே விரித்தேன். கால் உளையத் தொடங்கிய பிறகுதான் விரிவுரையைத் தவறவிட்டது தெரிந்தது. கோபிக்காதேயுங்கள். கன்ரீனில் தேத்தண்ணி வெறும் சாயம், ஆனால் மேசைக்கு மேசை சண்டை நடக்கும், அதுவும் ஒரு சிறுகதையின் முடிவு சரியா பிழையா என்று. இப்படியான ஆட்கள் அங்கே இருப்பார்கள் என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை.

இன்னொரு விசயம். பின்னேரங்களில் விரிவுரை மண்டபம் ஒன்றில் பாட்டுக் குழு ஒத்திகை பார்க்கிறது. நான் தினமும் வெளியே நின்று கேட்பேன். போன கிழமை ஒரு பெண் வந்து கதவைத் திறந்தாள். "உள்ளை வாரும். வெளியிலை நிண்டு தாளம் போட்டால் எங்களுக்குத்தான் பிழைக்குது" என்றாள். பெயர் நிவேதனா, பருத்தித்துறை. அப்பா கடல் தொழில். இப்போது நானும் உள்ளே நின்று பாடுகிறேன் வாப்பா. உம்மாவுக்கு நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள்,
றுக்ஷானா


புத்தளம்
24.02.2024

அன்பு மகள் றுக்ஷானாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதம் கிடைத்தது. மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு கடையில் ஆட்கள் குறைவு. அந்த நேரத்தில் வாசித்தேன், பிறகும் வாசித்தேன். ஆணி வாங்க வந்தவர் இரண்டு தரம் கூப்பிட்டாராம்.

யன்னலுக்குப் பக்கத்தில் கதிரை இருக்கிறதா, அல்லது நின்றுதான் வாசிக்க வேண்டுமா? புத்தகத்தை விடுதிக்குக் கொண்டுபோக விடுவார்களா? சண்டை பிடித்த கதையின் முடிவு என்ன, நீ எந்தப் பக்கம்? எல்லாவற்றையும் எழுது.

உம்மாவிடம் சொன்னேன். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "படிக்கப் போன புள்ளை பாடவோ போனது?" என்றா. கொஞ்ச நாள் போகட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். யாருடைய வீட்டிலும் இரவு தங்காதே. கூட்டாளிகள் நல்ல பிள்ளைகளாக இருக்கலாம். படிப்பு முடிய வீட்டுக்குத் திரும்பி வந்துவிடு. அங்கே நாங்கள் விருந்தாளிகள் என்பதை மறக்காதே.

துஆவுடன்,
வாப்பா
பக்கீர்


திருநெல்வேலி
17.03.2024

அன்பின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நாள் என்பதால் கன்ரீன் சண்டைகளுக்கு நான் இப்போது தள்ளி நின்று காது கொடுக்கிறேன். யன்னலடியில் கதிரை இருக்கிறது. கதையின் முடிவு சரி என்பதுதான் என் கட்சி, நாங்கள் தோற்றுவிட்டோம்.

உங்கள் கடிதம் வருவதற்கு முந்தின நாள் நான் பருத்தித்துறைக்குப் போயிருந்தேன். மறைக்க விருப்பமில்லை. நிவேதனாவின் அம்மா சிவக்கொழுந்து மாமி மீன்குழம்பும் றாலும் வைத்துவிட்டு, "சட்டி புதுசு மேள், நேற்றுத்தான் சந்தையிலை வேண்டினது. யோசிக்காமல் சாப்பிடுங்கோ" என்றா. கடற்கரையில் நாங்கள் பாடப்பாட, வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிராமல் கேட்டார்கள். கடைசி பஸ் போய்விட்டது. அங்கேதான் படுத்தேன்.

வாப்பா, ஒன்று கேட்கட்டுமா? நூலகத்தைப் பற்றி எழுதினால் பத்துக் கேள்வி கேட்கிறீர்கள். போன மாதம் போனில், இங்கே யாழ்ப்பாணத்தில் ஐந்து சந்திப் பக்கம் போனேன், நீங்கள் பிறந்த தெருவைப் பார்த்தேன் என்று சொன்னேன். நீங்கள் உடனே போனைத் தம்பியிடம் கொடுத்துவிட்டீர்கள். ஏன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

மே மாதக் கடைசியில் எங்கள் இசை மாலை. எங்கள் குழுவின் வித்தியா அக்கா எழுதி மெட்டமைத்த பாட்டில் எனக்குத் தனியாகச் சில வரிகள் உண்டு. நீங்கள் வர வேண்டும்.

மகள்,
றுக்ஷானா


புத்தளம்
02.04.2024

அன்பு மகளுக்கு,

நீ தங்கியது எனக்குக் கோபம்தான். மறைக்காமல் எழுதினாய் என்று சொல்லி மனதை ஆற்றிக்கொள்கிறேன்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு நான் ஏ.எல். படித்துக்கொண்டிருந்தேன். கொலின்ஸ் என்று ஒரு சினேகிதன். எங்கள் தெரு முடிந்து திரும்பினால் அவன் வீடு. ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் மாறி மாறி வாசிப்போம். கம்பஸுக்குப் போனால் ஒரே அறையில் இருப்பது, அவன் ஆர்மோனியம் பழகுவது, நான் பாடுவது என்று எல்லாம் பேசி வைத்திருந்தோம்.

முஸ்லிம்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்த அன்று, இயக்கத்துக்காரர் துவக்குகளோடு சந்தியில் நின்றார்கள். எல்லோரும் அழுதுகொண்டு மூட்டை கட்ட, நான் அவன் வீட்டுக்கு ஓடினேன். எதையும் கேட்கப் போகவில்லை. போய்வாறன் என்று சொல்லத்தான் போனேன். கதவைத் தட்டினேன். உள்ளே வானொலிச் சத்தம் குறைந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். யாரும் திறக்கவில்லை.

அவர்களும் பயந்திருப்பார்கள். எனக்கு அது அன்றைக்கே தெரியும், அவனைக் குறை சொல்லவும் மாட்டேன். பிறகு இங்கே அகதி முகாம், உப்பளத்தில் கூலி, தம்பிமாரின் வயிறு. பரீட்சை எழுதவே இல்லை. கம்பஸ் நான் காணாத இடம், அதனால் அதைப் பற்றி எத்தனை கேள்வியும் கேட்கலாம். அந்தத் தெரு அப்படியில்லை, மகள்.

நான் வரமாட்டேன். நீ நன்றாகப் பாடு.

வாப்பா


திருநெல்வேலி
28.05.2024

அன்பின் வாப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. பெருநாளுக்கு வந்தபோதும் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. திரும்பி வந்து நிவேதனாவிடம் சொன்னேன். அவள், "எங்கடை வீட்டுக் கதவெண்டால் திறந்திருக்கும் எண்டு சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அண்டைக்கு எங்கடை வீடும் பூட்டித்தான் இருந்துதோ எண்டு எனக்குத் தெரியாது. அம்மாட்டைக் கேக்கப் போறன்" என்றாள். மாமி என்ன சொன்னா என்று நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு கிழமை அவள் என் முகத்தைப் பார்த்துப் பாடவில்லை. அப்படியும் தினமும் எனக்குப் பக்கத்தில்தான் வந்து நின்றாள்.

நேற்று இசை மாலை. என் வரிகள் வந்தபோது கண்ணைத் திறந்தேன். நடுவரிசையில் உம்மா இருந்தா. பக்கத்தில் தம்பி, மற்றப் பக்கம் சிவக்கொழுந்து மாமி. நான் அடுத்த வரியை மறந்துபோக, நிவேதனா அதை மெல்லத் தொடங்கிக் கொடுத்தாள்.

எல்லாம் முடிந்து உம்மாவைக் கட்டிப்பிடித்தேன். "சத்தம் நல்லாத்தான் இருக்கு. மூச்செடுக்கேக்கை தோளைத் தூக்காதை, பாக்க வடிவில்லை" என்றா. பாடக் கூடாது என்று சொல்லவில்லை.

நிவேதனாவின் அப்பா செல்வநாயகம் மாமா, "வாப்பா வரேல்லையோ பிள்ளை?" என்று கேட்டார். "அவர் வரமாட்டார்" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கதிரைகளை அடுக்கப் போய்விட்டார்.

உம்மா உங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தாவா?

மகள்,
றுக்ஷானா


புத்தளம்
09.06.2024

அன்பு மகள் றுக்ஷானாவுக்கு,

உம்மா சொல்லவில்லை. குருநாகலில் சாச்சி வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு வந்தவ. திரும்பி வந்து, சாச்சி எப்படி என்று நான் கேட்க, "நல்லாப் பாடினா" என்றா. றியாஸ் சிரித்துவிட்டான். அன்று முழுக்க உம்மா சொல்லிக்கொண்டே இருந்தா. மேடை, வெளிச்சம், உன் பச்சை முக்காடு, அந்த மாமி தந்துவிட்ட பருத்தித்துறை வடை. வடையை நான் சாப்பிட்டேன். பல்லுக்குக் கொஞ்சம் கடினம், ஆனால் ருசி.

றியாஸ் போனில் பிடித்ததையும் பார்த்தேன். நீ மறந்த இடமும் அதில் இருக்கிறது. அந்தப் பிள்ளை உன்னைப் பார்க்காமலே வரியை எடுத்துக் கொடுத்தது. அதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பிள்ளையிடம் என் ஸலாத்தைச் சொல். அவ தாயிடம் கேட்டது எனக்குப் பெரிய காரியம். பதில் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும்.

இனி விடுமுறை நாளில் அவர்கள் கூப்பிட்டால் போ. பஸ் போய்விட்டால் தங்கு. நான் அங்கே இழந்ததற்காக நீ அங்கே விருந்தாளியாக இருக்கத் தேவையில்லை. அப்படி எழுதியது என் பிழை.

செல்வநாயகத்தார் கேட்டதற்கு நீ சொன்ன பதிலைப் பற்றியும் நினைத்தேன். நான் எழுதியதைத்தான் நீ சொன்னாய், உன்னில் பிழையில்லை. ஆனால் கடையில் ஆளில்லாத நேரம் அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், எனக்கே பிடிக்கவில்லை. அவரைக் கண்டால் திருத்திச் சொல்லிவிடு. வாப்பா இன்னும் வரவில்லை என்று சொல்.

துஆவுடன்,
வாப்பா
பக்கீர்