தண்ணீர் போதுமா என்று கேட்டேன்

நாள் 1 | 2083 யூன் 3 | 07.40 | கி.மீ. 0

வெளியே 34 பாகை. கரவனின், அதாவது எங்கள் வீட்டு வாகனத்தின், தண்ணீர்த் தாங்கியில் 200 லீற்றர். கூரைச் சூரியத்தகடு சரி. எஞ்சினைக் குளிர்விக்க நூறு கிலோமீற்றருக்கு 30 லீற்றர் போகும். ஊருக்கு ஊர் நிரப்பாமல் இந்தப் பாதையைக் கடக்க ஏலாது.

இதை எடுத்து வாசிப்பவருக்கு: என் பெயர் சிவகௌரி. நீர் ஆணையத்தில் முப்பத்தொரு வருடம் ஆய்வாளராக இருந்து போன மாசியில் ஓய்வு பெற்றேன். ஓட்டிக்கொண்டிருப்பவர் என் மனுசன் குகநேசன். கலியாணம் கட்டி முப்பத்து நாலு வருடம். இந்தக் கரவனும் பயணமும் அவர் எனக்குச் சொல்லாமல் ஒழுங்கு செய்த பரிசு. எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். "சிநேகிதன் ஒருத்தன் தந்தவன். நீர் சும்மா வாருமப்பா" என்றார். வந்துவிட்டேன்.

வழியில் நாலு ஊர்: டூ டாங்க்ஸ், ஹார்ப்பர்ஸ் வெல், றெட் கேற், நைன் மைல். நாலும் ஒரே பெரிய குழாயில் உயிர் வாழ்பவை. ஊருக்கு ஒரு வால்வு. திறப்பதும் மூடுவதும் கடற்கரை நகரத்திலிருந்து ஆணையம்தான்.

எழுதும் கருவியையும் அவரே பூட்டித் தந்தார். பழக்க தோஷம், ஒவ்வொரு பதிவையும் பெருவிரல் வைத்து மூடுகிறேன். வேலையில் அதுதான் என் கையொப்பம்.

நாள் 4 | யூன் 6 | 16.20 | டூ டாங்க்ஸ்

47 பாகை. பத்தொன்பது பேர் வாழும் ஊர். விடுதி நடத்தும் பிறையனும் மனைவி நோறாவும் றோட்டுக்கே வந்து கையசைத்தார்கள். ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்த முதல் விருந்தாளிகள் நாங்கள்தானாம்.

தாங்கியில் 70 லீற்றர்தான் மிச்சம். வாய் திறந்து கேட்கவில்லை. பிறையன் தானே குழாயை இழுத்து வந்து வழிய வழிய நிரப்பிவிட்டார். 130 லீற்றர்! வேண்டாம் என்றால் முகம் வாடிவிடும், பேசாமல் நின்றேன். "உங்களுக்குத் தண்ணீர் போதுமா?" என்று நோறாவிடம் கேட்டேன். தொழில் புத்தி விடுமா? அவள் சிரித்துக்கொண்டு, "தாராளமாக இருக்கிறது, கண்ணே" என்றாள். ஆங்கிலத்தில் சொல்வதையெல்லாம் நான் தமிழில் எழுதுகிறேன்.

சாப்பிட்ட பிறகு தட்டுகளை மணல் போட்டுத் துடைத்தாள். இந்தப் பக்கத்து வழக்கம் போலும்.

மனுசன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார். "ஆர் தந்தது, எவ்வளவு தந்தது எல்லாம் பேரோடை வடிவா எழுதும். பிறகு ரெண்டு பேருமா இருந்து வாசிக்கலாம்." எந்தக் காலத்தில் இவர் என் எழுத்தை வாசித்தார்! இருந்தாலும் மனதுக்கு நன்றாக இருந்தது.

நாள் 8 | யூன் 10 | 15.05 | ஹார்ப்பர்ஸ் வெல்

49 பாகை. இருபத்தாறு பேர். ஊர் மண்டபத்தில் எங்களுக்குப் பகல் விருந்து. ஆளுக்கொரு போத்தலாகக் கொண்டுவந்து தாங்கியில் ஊற்றினார்கள். 110 லீற்றர். கொடுத்தவர்கள் பெயர் எல்லாம் கீழே பட்டியலில் உண்டு, ஒருவரையும் விடவில்லை. போதுமா என்று கேட்டேன். போதும், மிச்சமும் இருக்கிறது என்றார்கள்.

மனுசன் உடைந்த கதிரைகளைத் திருத்திக் கொடுத்தார், எல்லாரையும் சிரிக்க வைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஊரின் ஒரே தெருவில் நடந்தார். கலியாணம் கட்டிய புதிதில்கூட இந்த மனுசன் றோட்டில் என் கையைப் பிடித்ததில்லை. வெட்கமாக இருந்தது. சந்தோசமாகவும்தான் இருந்தது, ஏன் மறைப்பான்.

நாள் 11 | யூன் 13 | 10.15 | வழியில்

றேடியோச் செய்தி, டூ டாங்க்ஸ், நோறா:

"கௌரி, தொந்தரவுக்கு மன்னிக்கவேணும். மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை. எங்களிடம் உபரி இருக்கிறது என்று ஆணையம் சொல்கிறது. எங்கேயோ பிழை நடந்திருக்கிறது. நீங்கள் அங்கே வேலை செய்தவர். ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள், கண்ணே."

உடனே ஆணையத்தை அழைக்கப் போனேன். மனுசன் றேடியோவை வாங்கிக்கொண்டார். "வால்வு பழுதாயிருக்கும். நீர் ஏன் பதறுறீர்? நான் கதைக்கிறன்." ஐம்பது அடி தள்ளிப் போய் நின்று பேசினார். திரும்பி வந்து, சொல்லியாயிற்று, நாளைக்கே திறப்பார்கள் என்றார். நோறாவுக்கு அப்படியே அறிவித்தேன். அவள் எனக்கு நன்றி சொன்னாள்.

நாள் 13 | யூன் 15 | 09.30 | றெட் கேற்

50 பாகை. முப்பத்து நாலு பேர். பின் சில்லின் பேரிங் எரிந்துவிட்டது. திருத்துமிடம் வைத்திருப்பவள் நம் பிள்ளை, கிருபாஜினி, முப்பது வயது. அவள் தகப்பன் மட்டக்களப்பிலிருந்து வந்தவராம். ஆயிரத்து இருநூறு கிலோமீற்றர் தாண்டி இந்தப் புழுதிக்குள் "வாங்கோ அன்ரி" என்று கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாங்கியை அவளே நிரப்பினாள். 120 லீற்றர். டூ டாங்க்ஸை அழைத்தேன், பதில் இல்லை.

நாள் 13 | 11.50

கரவனுக்கு அடியில் படுத்திருந்த கிருபா கூப்பிட்டாள். "அன்ரி, தாங்கியின்ரை மீற்றரிலையிருந்து ஒரு வயர் மேலை அன்ரெனாவுக்குப் போகுது. இது என்னத்துக்கு?"

தெரியாது என்றேன். அவள் அந்த வயரில் தன் கணினியைப் பூட்டினாள். திரையில் ஆணையத்தின் முத்திரை வந்தது.

*கள அறிக்கை. ஆய்வாளர்: சிவகௌரி. டூ டாங்க்ஸ்: விருந்தாளிகளுக்கு 130 லீற்றர் தானம். "தாராளமாக இருக்கிறது" என்று குடியிருப்பாளர் வாக்குமூலம். உபரி உறுதி. வால்வு மூடப்பட்டது. ஹார்ப்பர்ஸ் வெல்: 110 லீற்றர் தானம். உபரி உறுதி. வால்வு மூடப்பட்டது. றெட் கேற்: 120 லீற்றர். ஆய்வாளர் வெளியேறியதும் மூடப்படும்.*

என் வசனங்கள். நான் போட்ட பட்டியல். ஒவ்வொன்றின் கீழும் என் பெருவிரல்.

மணலில் தட்டுத் துடைத்தவளைக் கண்ணால் பார்த்துவிட்டு வழக்கம் என்று எழுதினேனே, பாவி! நாங்கள் மட்டும் என்ன, பட்டினி கிடந்தாலும் வந்தவரிடம் "சாப்பிட்டாச்சு" என்று சொல்லி வளர்ந்த ஆட்கள்தானே. அந்தப் பொய்யை என் வீட்டில் நானே ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறேன். நோறா சொன்னபோது மட்டும் அப்படியே வாக்குமூலமாக எழுதிக்கொண்டேன். அறப்படித்த மூஞ்சூறு கழுநீர்ப்பானையில் விழுந்ததாம். விழுந்தது நான். மூழ்குகிறவர்கள் அவர்கள்.

நாள் 13 | 12.40

கேட்டேன். மறுக்கவில்லை அவர். சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன்.

"ஆணையம் ஆள் அனுப்பினா எல்லாரும் தண்ணி இல்லை எண்டுதான் அழுவினம். விருந்தாளியிட்டைதான் உள்ளதைச் சொல்லுவினம். அதுக்குத்தான் எங்களைக் கேட்டவை, உம்மடை ஆய்வாளர் பதிவையும் திருப்பித் திறந்தவை. நாலு ஊர் முடிச்சா கடற்கரையிலை குளிர் வலயத்துக்குள்ளை எங்கள் ரெண்டு பேருக்கும் வீடு. போன கோடைக்கு நீர் குசினிக்குள்ளை மயங்கி விழுந்து கிடந்தனீர். தூக்கினது நான். இன்னொரு கோடை உமக்குத் தாங்காது, கௌரி. உமக்காகத்தான் செய்தனான்."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா வந்திருப்பீரோ?"

என் கை, என் படிப்பு, என் பெயர், எல்லாவற்றையும் என்னிடம் கேட்காமல் எடுத்துப் பாவித்துவிட்டு எனக்காகத்தானாம். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ய வைத்துவிட்டு எனக்காகவாம். சீ! றோட்டில் கையைப் பிடித்ததும் அறிக்கைக்குள் அடக்கமோ என்று கேட்டேன். 

சட்டம் எனக்குத் தெரியும்: ஆய்வாளர் ஓர் ஊரின் எல்லைக்குள் நிற்கும்வரை அதன் வால்வை மூடக்கூடாது. நான் றெட் கேற்றை விட்டு அசைய மாட்டேன் என்றேன். அவர் அழுதார். "சரி. நாளைக்கு ரெண்டு பேருமா அறிக்கையைத் திருப்பி எடுப்பம். மூடின ஊரையும் திறக்கச் சொல்லுவம்."

கிருபா சில்லைப் பூட்டிக்கொண்டிருந்தாள். என்னைத் தனியே கூப்பிட்டு, "சில்லைக் கழட்டி என்ரை அறைக்குள்ளை வைக்கட்டோ அன்ரி?" என்றாள்.

வேண்டாம் பிள்ளை, அவர் சொன்னால் சொன்னதுதான் என்றேன்.

நாள் 14 | யூன் 16 | 08.10 | றெட் கேற்

இது கிருபாவின் கொப்பி, என் கையெழுத்து. பழைய பதிவுகளை அவள் தன் கணினியில் எடுத்து வைத்திருந்தாள்.

காலையில் ஊர்த் தாங்கியை அளக்கக் கிருபாவோடு போனேன். 9,400 லீற்றர். வால்வு மூடினால் இருபத்திரண்டு நாள். திரும்பி வந்தபோது கரவனைக் காணவில்லை.

நம்ப நட, நம்பி நடவாதே என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள்.

நாள் 14 | 08.45

ஆணையத்தை அழைத்தேன். இயந்திரக் குரல்:

"ஆய்வாளர் சிவகௌரி தனது வாகனத்தில் உள்ளார். வேறு இடத்திலிருந்து அவர் பெயரில் வரும் அழைப்புகள் ஏற்கப்படமாட்டா."

முப்பத்தொரு வருடம் உழைத்த இடத்தில் நான் என்றால் அந்தக் கரவன்தான். என் பெருவிரல் பதிவும் அதற்குள்தான் கிடக்கிறது. கரவன் எல்லை தாண்டினால் நான் தாண்டியதாகக் கணக்கு. அவருக்கு இது முன்பே தெரியும்.

நாள் 14 | 11.00

றேடியோச் செய்தி, கரவன்:

"கௌரி, எல்லைக்கு உள்பக்கம்தான் நிக்கிறன். முப்பதாம் கிலோமீற்றர். அந்தப் பிள்ளையை உம்மைக் கொண்டந்து விடச் சொல்லும். ரெண்டு மணிவரைக்கும் பாப்பன்."

நான் வந்தால் வால்வு மூடாதா என்று கேட்டேன்.

"அது மூடும். அதை விடும். நீர் வாரும்."

இங்கே முப்பத்து நாலு பேர் நிற்கிறார்கள், திரும்பி வாருங்கள் என்றேன். கெஞ்சினேன். இந்த மனுசனிடம் வாழ்க்கையில் ஒன்றுக்கும் கெஞ்சாதவள், பக்கத்தில் ஊர்ச்சனம் முழுவதும் பார்த்துக்கொண்டு நிற்க, கெஞ்சினேன்.

"நான் வீட்டிலை உமக்கு ஒரு இடம் வைச்சிருப்பன்" என்றார்.

நாள் 14 | 14.06

குழாய் நின்றுவிட்டது. இவ்வளவு நாளும் அது இரைந்துகொண்டிருந்தது ஒருவருக்கும் காதில் விழவில்லை. நின்றதும் எல்லாரும் வீட்டுக்கு வெளியே வந்துவிட்டார்கள்.

ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கிருபா ஒரு தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து தந்தாள். குடிக்க மாட்டேன் என்றேன். "குடியுங்கோ அன்ரி, தண்ணி இருக்குத்தானே" என்றாள். ஐயோ, அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதே பிள்ளை என்று கத்திவிட்டேன்.

நாள் 15 | யூன் 17 | 07.20

யோசித்து ஒரு வழி கண்டோம். கரவன் இங்கிருந்து 200 லீற்றரோடு போனது. நைன் மைல் 290 கிலோமீற்றர். அங்கே போய்ச் சேரும்போது 110 லீற்றருக்கு மேல் மிஞ்சாது. அதற்கு அப்பால் கடற்கரைக்கு 600 கிலோமீற்றர், 180 லீற்றர் வேண்டும். நைன் மைல் தண்ணீர் கொடுக்காவிட்டால் கரவன் அங்கேயே நிற்கும். கிருபா தன் லொறியில் போய்க் கட்டியிழுத்துக்கொண்டு வருவாள். கரவன் எங்கள் எல்லைக்குள் வந்தால் ஆய்வாளர் வந்ததாகக் கணக்கு. வால்வு திறக்கும்.

07.32. நைன் மைலை அழைத்தேன். தபால் நிலையத்தில் ஷேர்லி என்ற பெண். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு ஆள் வருவார், நல்லாகப் பேசுவார், குடிக்கக் கொடுங்கள், வாகனத் தாங்கிக்கு ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், போதுமா என்று கேட்டால் போதாது என்று சொல்லுங்கள். "விளங்குகிறது" என்றாள். என் குரல் நடுங்கியது, அதை அவள் கவனித்திருக்க வேண்டும்.

07.50. கிருபா லொறியில் புறப்பட்டாள். ஊர்த் தாங்கியிலிருந்து 180 லீற்றர் எஞ்சினுக்கு எடுத்துக்கொண்டாள். போகவும் வரவும் அவ்வளவும் வேண்டும்.

நாள் 15 | 13.40

றேடியோச் செய்தி, நைன் மைல், ஷேர்லி:

"கௌரி, கண்ணே, பயப்படாதே. உன் கணவர் பத்திரமாக வந்து சேர்ந்தார். எல்லாம் சொன்னார். வெயில் உன் தலைக்கு ஏறி, நீ அவரையே அடையாளம் தெரியாமல் துரத்திவிட்டாயாம். உன் கலியாணப் படத்தைக் காட்டினார். பாவம், குழந்தை மாதிரி அழுதார். உனக்கு வைத்தியர் கூட்டிவர அவசரமாகக் கடற்கரைக்குப் போகவேண்டுமாம்."

நான் கத்தினேன். பொய், பொய், ஊற்றாதே என்று எத்தனை தரம் கத்தினேனோ தெரியாது. கத்தக் கத்த அவள் குரல் இன்னும் கனிந்துகொண்டே போனது.

"சரி, சரி. இப்படித்தான் கத்துவாய் என்றும் சொன்னார். நீ நிழலில் படுத்திரு. நாங்கள் இருபத்திரண்டு பேரும் சேர்ந்து தாங்கியை முழுதாக நிரப்பி அனுப்பிவிட்டோம், இப்போது அதில் இருநூறு லீற்றர். ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. கலங்காதே, எங்களிடம் தாராளமாக இருக்கிறது."

நாள் 15 | 15.10

கிருபாவின் லொறி றேடியோ எட்டவில்லை.

நைன் மைலைப் பதினொரு தரம் அழைத்தேன். எடுக்கிறாள். நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்கிறாள். பிறகு, படுத்துத் தூங்கு கண்ணே என்கிறாள்.

நாள் 15 | 16.25

இந்த முறை பின்னால் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அது என்ன என்று கேட்டேன். வந்த விருந்தாளிக்காகப் பாவித்த பாத்திரங்களைக் கழுவுகிறோம் என்றாள். கழுவாதே ஷேர்லி, பிடித்து வை, இருக்கிற சட்டி பானை முழுவதிலும் பிடித்து வை, இப்போதே பிடித்து வை என்று

எனக்காகப் பிரார்த்திப்பதாகச் சொன்னாள். பின்னால் ஓடிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. "என்ன இது, குழாய்" என்றாள்