ஹம்மா என் தம்பியைத் திட்டினான்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? லாகோசில் நான் சுகம்.

"தம்பியைச் சுட்டவனுடைய மதத்துக்காரனோடு ஒரே அறையில் எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். தம்பி செத்ததிலிருந்து ஹம்மா என்னை வாங்க, போங்க என்றுதான் பேசினான். நாம் பயிர் செய்கிற டிவ் இனம், அவன் மாடு மேய்க்கிற ஃபுலானி இனம். ஒருவரையொருவர் அடிமை என்று கேலி செய்வதுதானே முறை? இழவு வீட்டில்கூட அவர்கள் பிணத்தைத் திட்டி, கிழங்கோ காசோ கூலி வாங்காமல் போகமாட்டார்களே! அவனுடைய மரியாதைதான் எனக்குப் பயமாக இருந்தது.

நேற்று சமைக்கும்போது கேட்டே விட்டேன். "ஏண்டா, கேலி பண்ண மாட்டியா?"

"பண்ணா அடிப்பியோன்னு பயம்."

"பண்ணலேன்னாதான் அடிப்பேன்."

"டேய் அடிமை, உன் தம்பி எனக்குக் கிழங்கு கொடுக்காமலே ஓடிட்டான்டா, திருட்டுப்பய!" என்றவன் அழுதுவிட்டான். நானும்தான்.

சுட்டவன் கடவுள் பேரைச் சொல்லித்தான் சுட்டான், மறக்கவில்லை. ஆனால் தாத்தா காலத்திலும் அவர்கள் தொழுதார்கள், நாம் சர்ச்சுக்குப் போனோம். அன்று ஆற்றில் மாட்டுக்கும் வயலுக்கும் தண்ணீர் இருந்தது. பழி முழுவதையும் மதத்தின்மேல் போட மனம் வரவில்லை, அம்மா.

மழைக்குக் குளிர்கிறது. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நம் துணி ஒன்று அனுப்பு. கிழங்கும் அனுப்பு. கடிதம் கொண்டுவரும் லாரிக்காரர் அவசரப்படுத்துகிறார், முடிக்கிறேன்.

இருப்பதில் பெரிய கிழங்காகப் பார்த்துப் போடு. தம்பியை முறைப்படி திட்டிவிட்டான். ஹம்மாவுக்குக் கூலி கொடுக்க வேண்டும்.

உன் மகன்,
டெர்சூ