அலமாரிப் பலகையும் மூன்று கேன் தண்ணீரும்

ஏங்க,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடாக்கிச் சாப்பிடுங்கள். சாவி வழக்கமான ஆணியில். வெல்டர் வந்தால் அவருடைய டிரில் மெஷினைக் கொடுத்துவிடுங்கள்.

புத்தகமெல்லாம் நாற்காலியில் கிடப்பதைப் பார்த்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் அலமாரியின் கீழ்த்தட்டு இப்போது படகில் இருக்கிறது. "இனிமே உன்கூடத் துடுப்பு போட மாட்டேன், தனியாவே போய்க்கோ"ன்னு கத்தினீர்களே, அன்றிலிருந்து பத்து நாளாக இந்த வீட்டில் குக்கர் மட்டும்தான் சத்தம் போடுகிறது. எனக்கும் ரோஷம் இருக்கிறது. பரணில் கிடந்த சின்ன மோட்டாரை மாட்ட, படகின் குறுக்கே நானே ஒரு பலகைச் சட்டம் செய்துவிட்டேன். முதல் பலகையைப் படகின் உள் அகலத்துக்கு அளந்து அறுத்துத் தொலைத்தேன். விளிம்பில் உட்காராமல் உள்ளே விழுந்தது. அதனால்தான் உங்கள் அலமாரியில் கை வைத்தேன். இரண்டு பக்கமும் கிளாம்பு போட்டு இறுக்கியதில் இப்போது அசையவே இல்லை.

நேற்று ஏரியில் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் போகிறது. இன்று ஐந்து மணிக்குள் வந்துவிடுவேன்.

பி.கு.: தண்ணீர் கேனைத் தேடாதீர்கள், மூன்றையும் கொண்டுபோகிறேன். நான் மட்டும் பின்னால் உட்கார்ந்தால் படகின் மூக்கு வானத்தைப் பார்க்கிறது. முன்னால் உங்கள் இடத்தில் மூன்று கேனையும் நிரப்பி வைத்தால்தான் இறங்குகிறது. அவையும் வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்னொன்று. நாளைக்கும் கேனைத்தான் ஏற்ற வேண்டுமா? வாயால் சொல்ல வேண்டாம், இந்தச் சீட்டின் பின்பக்கம் எழுதினால் போதும். பேனாவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.