பதினோராவது புள்ளி

4, திங்கள்
ஈப்போவில் காலையிலேயே மழை. துணி காயவில்லை. பல்கலைக்கழகத்தில் கணிதம் ஆராயும் டாக்டர் ரோஸ்லின், தன் ஆய்வைப் பற்றி இரண்டு பக்கம் அனுப்பியிருக்கிறார். வியாழன் பத்து மணிக்கு, திரையில் நேர்காணல். முனைவர் பட்ட இடம் ஒன்றே ஒன்று. விண்ணப்பத்தில் ‘வெளியான கட்டுரைகள்’: இல்லை. என்னிடம் இருப்பதெல்லாம் கணினி நிரல் எழுதும் போட்டிப் பதக்கங்கள்.

அவருடைய ஊகம்: புள்ளிகளைக் கோடுகளால் இணைத்த இந்த வகைப் படங்களில், ஒரு கோட்டின் இரு முனைக்கும் ஒரே நிறம் வராமல் தீட்ட, எத்தனை புள்ளி இருந்தாலும் மூன்று நிறம் போதும். நிரூபணம் இன்னும் இல்லை. கையால் ஒன்பது புள்ளி வரை பார்த்திருக்கிறார்.

5, செவ்வாய்
போட்டியில் என் கூட்டாளி சுரேஷ், இப்போது பினாங்கில் வேலை. அழைத்தான்.

“மச்சான், அஞ்சு மணி நேரத்துல முடியுற கணக்குக்கே நீ நகம் கடிப்ப. அஞ்சு வருசம் ஒரே கணக்கோட உக்காருவியா? இங்க வந்துரு லா.”

கோபம் வந்தது. அவன் சொன்னது சரியோ என்றும் தோன்றியது.

வாங்க: முட்டை, சவர்க்காரம்.

6, புதன்
பழக்கதோஷம். எதையும் நம்புவதற்கு முன் உடைத்துப் பார்க்கவேண்டும். எல்லா வழியையும் ஒவ்வொன்றாகப் பார்க்கும் மெதுவான நிரல் ஒன்று எழுதி, அதற்குச் சின்னப் படங்களாக வாரி இறைத்தேன். ஒன்பது சரி. பத்து சரி.

பதினொன்று. உடைந்தது!!

கத்திவிட்டேன். அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தார். “எங்கடா பாம்பு?” அவர் சித்தியவான் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அங்கே யாராவது கத்தினால் பாம்புதான்.

நாள்காட்டியின் பின்புறம் வரைந்து மூன்று தடவை சரிபார்த்தேன். நான்காவது நிறம் வேண்டும்.

சுரேஷ், தொலைபேசியில்: “நாளைக்கு வாயத் தொறக்காத. மொத எடம் கெடைக்கட்டும்.”

டாக்டர் இரண்டு வருடமாக நம்பிய ஊகம். இடம் கொடுப்பவரும் அவரே.

7, வியாழன்
முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டேன். மறைத்துப் பேச எனக்கு வராது.

டாக்டர் அந்தப் படத்தை வரைந்தார். எண்ணினார். மறுபடியும் எண்ணினார். போச்சு என்று நினைத்தேன்.

“ரெண்டு வருசம்,” என்றார். பிறகு சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு. “சரி, ஏன் பதினொன்னு?”

“தெரியல, டாக்டர்.” போட்டியில் விடை சரி என்று வந்ததும் அடுத்த கணக்குக்கு ஓடிவிடுவோம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

“எனக்கும் தெரியல. செப்டம்பர்ல வாங்க, பாக்கலாம்.”

இடம் கிடைத்துவிட்டது!!! அம்மாவைத் தூக்கிச் சுற்றினேன். “விடுடா, முதுகு!”

8, வெள்ளி
வெயில். துணி காய்ந்தது. அந்த ‘ஏன்’ என்பதைத் தேடி, காலையிலிருந்து நிரலில் பன்னிரண்டு புள்ளி ஓடுகிறது, முடிகிற வழியைக் காணோம். கணினி கொதிக்கிறது. மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டேன். எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது, கொட்டட்டும்.