மாமன் மடி

பேரையூர்
22.7.2024

அன்புத் தங்கச்சி ரோகிணிக்கு,

அண்ணன் செல்வக்குமார் எழுதுவது. நீயும் பிள்ளையும் சுகம்தானே? என் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறாய். அதனால்தான் பேனாவைப் பிடித்தேன்.

நம் மில்லில் ஆள் நிற்பதில்லை. நான் எரிந்து விழுகிறேனாம், மனுசனை மனுசனாக மதிப்பதில்லையாம். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பண்ணையில் முதலாளிமார்களைக் குதிரையோடு பழகவிட்டுப் பயிற்சி கொடுக்கிறார்கள், அதை முடித்துவந்தால்தான் எம்.டி. நாற்காலி என்று பார்ட்னர்கள் சொல்லிவிட்டார்கள். விசாரித்தால் பண்ணைக்காரி நீ! குதிரையிடம் போய் நான் என்னத்தைக் கற்றுக்கொள்ள? வந்து தலையைக் காட்டுகிறேன். ‘திருந்திவிட்டார்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடு. பழசை மனதில் வைத்துக்கொள்ளாதே. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள்.

அண்ணன்,
செல்வக்குமார்


வாடிப்பட்டி
27.7.2024

திரு. செல்வக்குமார் அவர்களுக்கு,

வணக்கம். தாராளமாக வாருங்கள். மில் ஆட்களையும் கூட்டிவாருங்கள், அவர்கள் முன்னால்தான் பயிற்சி. வட்ட வேலிக்குள் நீங்களும் சின்னான் என்ற குதிரையும் மட்டும். கயிறு கிடையாது, சாட்டை கிடையாது. அவன் தானாக உங்கள் பின்னால் நடந்துவர வேண்டும். அதட்டினால் வரமாட்டான். அவன் உங்களிடம் சம்பளம் வாங்கவில்லை.

பழசு என்றீர்கள். பாண்டிராஜைக் கட்டிக்கொண்டேன் என்பதற்காக, அம்மா செத்த அன்று என்னைத் தெருமுனையிலேயே மறித்தீர்கள். ‘இவ கால் என் வாசல்ல படக்கூடாது’ என்றீர்கள். தமிழ்வாணி அப்போது என் வயிற்றில் எட்டு மாதம். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாடை போவதைப் பார்த்தேன். அம்மா முகத்தைப் பூ மூடியிருந்தது. தசை எனக்கும் ஆடுகிறது, ஆத்திரத்தில்.

பொய்யாக ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
ரோகிணி பாண்டிராஜ்


பேரையூர்
20.8.2024

அன்புத் தங்கச்சிக்கு,

முதல் நாளே என் மானத்தை வாங்கிவிட்டாய். ‘வாடா இங்கே’ என்று நான் கத்தக் கத்த, சின்னான் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். ஸ்டோர் கீப்பர் பேயாண்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நீ வேலியில் சாய்ந்துகொண்டு, ‘இன்னும் கொஞ்சம் சத்தமா, சார்’ என்றாய். உன்னை அறைந்துவிடலாம் போல இருந்தது.

கடைசி நாள் எனக்கே வெறுத்துப்போய் மணலில் உட்கார்ந்துவிட்டேன். என்னமோ அம்மா ஞாபகம். அவளிடம் பேசுவதுபோல எதையோ சொல்லி அழுதேன். கழுத்தில் சூடான மூச்சு பட்டது. எழுந்து நடந்தேன், அவன் பின்னாலேயே வந்தான். மறுநாள் மில்லில் பேயாண்டியை ‘அண்ணே’ என்று கூப்பிட்டேன். வேலையை விட்டு நிறுத்தப் போகிறேன் என்று நினைத்து மனுசன் நடுங்கிவிட்டார்.

பார்ட்னர்களுக்கு நீ என்ன எழுதினாலும் சரி. எனக்கு வேறொன்று வேண்டும். தமிழ்வாணிக்கு ஆவணியில் காதுகுத்து என்று கேள்விப்பட்டேன். தாய்மாமன் நான் இருக்கும்போது பிள்ளையை வேறு எவன் மடியில் உட்காரவைப்பாய்? தோடு வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லு தாயி, ஓடி வாரேன்.

அண்ணன்,
செல்வக்குமார்


வாடிப்பட்டி
9.9.2024

அண்ணனுக்கு,

போன கடிதம் பண்ணைக்காரி எழுதியது. இது உன் கூடப்பிறந்தவள் எழுதுவது.

பார்ட்னர்களுக்கு உள்ளதை எழுதிவிட்டேன்: குதிரை வந்தது, மனுசன் மாறியிருக்கிறார் என்று. நாற்காலி உனக்குத்தான். செய்கிற தொழிலில் பழி தீர்க்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காதுகுத்து முடிந்தது. தமிழ்வாணியைச் சின்னான் முதுகில் உட்காரவைத்தேன். ஆசாரி ஸ்டூல் போட்டு ஏறி நின்று குத்தினார். பிள்ளை பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டு அழாமல் இருந்தாள்.

பேரையூர் பஸ் ஸ்டாண்டில் காதுகுத்து பிளெக்ஸ் வைத்தது நான்தான். இதற்குள் பார்த்திருப்பாய். உன் படம் இருக்க வேண்டிய வட்டத்தில் பட்டு கட்டிய குதிரை. கீழே, ‘தாய்மாமன்: சின்னான்’. சொந்தபந்தம் எல்லாம் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்களாம். சிவனாண்டி சித்தப்பா போன் போட்டு, ‘ஏத்தா, கூடப்பெறந்தவனை இம்புட்டா கேவலப்படுத்துவ?’ என்றார். ‘இன்னும் ரெண்டு பிளெக்ஸ் மிச்சம் இருக்கு சித்தப்பா’ என்றேன். என் வயிறு குளிர்ந்தது அண்ணே, பொய் சொல்ல மாட்டேன்.

நீ அழுததையும் பார்த்தேன். நடிப்பு இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்தேன். கல்லாக இருந்தவனை அவமானப்படுத்தி என்ன பிரயோசனம்? இப்போதுதான் உனக்கு வலிக்கும்.

தோட்டை அனுப்பாதே, திரும்பி வரும்.

நேற்று தமிழ்வாணி கேட்டாள், ‘அம்மா, எனக்கு நெசமாவே மாமா இருக்காராம்மா?’ என்று.

‘இருக்காருத்தா. லாயத்துல கொள்ளுத் தின்னுக்கிட்டு இருக்காரு, போய்ப் பாரு’ என்றேன்.

ரோகிணி