குரல் நிற்காத அறை

பிப்ரவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. போன கடிதத்தில் உன் கையெழுத்து கோழி கிண்டினாற்போல் இருந்தது.

நீ தூக்கி வளர்த்த என் மகளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. பிரசவத்துக்கு அம்மா வேண்டாமாம், சித்திதான் வேண்டுமாம். பெற்றவள் நான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். பத்து நாள் லீவு சொல்லிவிட்டு வா. நீ பிரார்த்தனை பண்ணாவிட்டால் உலகம் கவிழ்ந்துவிடுமா என்ன?

அக்கா

பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

உள்ளே போன் கூடாது, அதனால் கடிதம்தான்.

கவிழாது என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். கீழ்மாடியில் பல் டாக்டர், மேல்மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு, நடுவில் எங்கள் பிரார்த்தனை அறை. ஆரம்பித்த நாளிலிருந்து இங்கே குரல் நின்றதில்லை. அடுத்தவர் வந்து உட்கார்ந்து வாய் திறந்த பிறகுதான் முந்தையவர் எழலாம். முன்பு முறை வைத்து வர ஏகப்பட்ட பேர் இருந்தோம். வேலை மாறி, வீடு மாறி, ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இப்போது பகலில் நான், இரவில் ஒரு தையல்காரர். பொறுப்பாளர் போனையே எடுப்பதில்லை.

போன மழைக்காலத்தில் தையல்காரர் அசதியில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டார். அந்த வாரமே அவர் மனைவி படுத்தாள், எழவே இல்லை. அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை. முறைக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுகிறார்.

பெண்ணிடம் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்.

உன் தங்கை

பிப்ரவரி 20

வாயாடி,

தையல்காரர் தூங்கினால் அவர் பெண்டாட்டிக்கு ஏன் நோய் வர வேண்டும்? கடவுள் என்ன, ஆபீஸ் மேனேஜரா?

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். உன் நாற்காலியில் நானே உட்கார்கிறேன், நீ அடுத்த வண்டியில் கிளம்பு. நீ ஊர் போய்ச் சேர்ந்ததும் அறையைப் பூட்டி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு நானும் வந்துவிடுவேன். தையல்காரரிடம் மட்டும் மூச்சு விடாதே.

அக்கா

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

பெண் குழந்தை. மூக்கு உன்னுடையது, குரல் என்னுடையதாம். உடம்பில் கொஞ்சம் மஞ்சள் தெரிந்தது. நிறையக் குழந்தைகளுக்கு வருவதுதான் என்று டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் வைத்திருக்கிறார்.

ஊர் வந்ததும் வயிறாரச் சாப்பிட்டு அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன். விழித்துப் பார்த்தால் உலகம் அப்படியேதான் இருந்தது. நீ சொன்னதுதான் சரி அக்கா. எத்தனை வருஷத்தை அந்த நாற்காலியில் விட்டுவிட்டேன் என்று அழுகை வந்தது.

ஆனால் நீ ஏன் இன்னும் வரவில்லை? உன் போன் அணைந்தே கிடக்கிறது. வலி எடுத்ததும் வாட்ச்மேனுக்கு போன் பண்ணினேனே, சொன்னாரா? சித்திதான் வேண்டும் என்றவள் வலியில் என்னையா கூப்பிட்டாள்? "அம்மா எங்க சித்தி? அம்மாவ வரச் சொல்லு" என்றுதான் அழுதாள். இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பூட்டிவிட்டு வா. இல்லையென்றால் நானே வந்து இழுத்துக்கொண்டு போவேன்.

உன் தங்கை

மார்ச் 11

அன்புள்ள தங்கைக்கு,

வாய் வேண்டிக்கொண்டிருக்கிறது, கை எழுதுகிறது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

உன்னை அனுப்பிய மறுநாளே பூட்டத்தான் நினைத்தேன். பிள்ளைத்தாய்ச்சியை வீட்டில் வைத்துக்கொண்டு எதற்கு வம்பு, பிரசவம் முடியட்டும் என்று உட்கார்ந்தேன். வாட்ச்மேன் வந்து, "உங்க பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சாம்மா" என்றதும் எல்லாம் மறந்து எழுந்து ஓடினேன். லிஃப்ட் வரை போய்விட்டேன். அப்போது தையல்காரரின் மனைவி ஞாபகம் வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். நடுவில் அறை எவ்வளவு நேரம் சும்மா கிடந்தது என்று தெரியவில்லை.

குழந்தைக்கு மஞ்சள் என்று எழுதியிருக்கிறாய். டாக்டர் ஆயிரம் சொல்வார். அது எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். தையல்காரரிடம் சொன்னேன். அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "இனிமே உங்களுக்கு நான் ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல" என்றார்.

நீ வராதே, பெண்ணையும் குழந்தையையும் பார்த்துக்கொள். என் மகள் உடம்பு தேறியதும், இங்கே வந்து ஒரு மணி நேரம் உட்கார முடியுமா என்று மெதுவாகக் கேட்டுவை. அவசரமில்லை.

பயப்படாதே. குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. நான் எழுந்திருக்க மாட்டேன்.

உன் அக்கா